நாற்பத்தோராம் பக்கம்

பிப்ரவரி, வியாழன், மாலை ஆறு.
நியூலின் துறைமுகத்தில் மத்தி இறக்கும் கூச்சல் ஓய்ந்து
நூலகத்துப் பின்னறையில் ஹீட்டர் மட்டும் முனகுகிறது.
ஆறு பேர். பழக்கத்தில் ஏழு நாற்காலி போட்டுவிட்டேன்.

கதை எழுபது வருடம் முந்தையதுதான்:
தீவு மாளிகை, விருந்து,
விளக்கணைந்த மூன்று நிமிடம்,
வெளிச்சம் திரும்பும்போது
சூப்பில் முகம் புதைத்த சீமான்.
இப்போது எழுதியவர்
மெழுகுவர்த்தி இருந்த இடத்தில் மின்வெட்டு வைத்தார்,
சீமான் இருந்த இடத்தில்
செயலி விற்றுக் கோடீஸ்வரனான ஒரு பையனை.
சூப் மட்டும் அதே சூப்.

மருந்துக்கடை லவ்டே ஆரம்பித்தாள்:
"அந்த விஷம் மூன்று நிமிடத்தில் கொல்லாது.
ராத்திரி முழுக்க வாந்தி எடுக்கவைக்கும்.
பழையதிலும் இதே தப்பு.
தப்பைக்கூடவா காப்பியடிப்பார்கள்?"

தபால்காரி ஹெட்ராவுக்குப் பிடித்திருந்தது.
"பழையதில் வேலைக்காரிக்குப் பெயரே கிடையாது,
தட்டைப் போட்டுடைத்து அலறத்தான் வருவாள்.
இதில் அவளுக்குப் பெயர் இருக்கிறது, பல்வலி இருக்கிறது,
எஜமானியைப் பற்றி அபிப்பிராயம் இருக்கிறது."
"பல்வலி ஒரு துப்பா?"
"இல்லை. பல்வலி."

கேட்டவன் ஜேகோ, மீன் உணவகத்துச் சமையல்காரன்,
மூலத்தைப் படிக்காதவன்.
"நீங்களெல்லாம் எதையோ நினைத்துச் சிரிக்கிறீர்கள்.
அடுத்த வீட்டுக் கல்யாணத்தில் மாட்டிக்கொண்டவன் மாதிரி
நானும் சிரித்துவைத்தேன்."

திருமதி ட்ரெம்பாத் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"முந்நூறு பக்கத்தில்
செத்தவனுக்காக ஒருத்தரும் அழவில்லை.
ஒரே ஒரு கைக்குட்டை நனைந்தது,
அதையும் தடயம் என்று எடுத்துப்போய்விட்டார்கள்."

யாரும் பதில் சொல்லவில்லை.
தன் பிரதியே கிடைத்தாற்போல்
ஆறாமவர், ஓய்வுபெற்ற மாலுமி காரென்,
குங்குமப்பூ ரொட்டியைப் பிய்த்தார்.

அப்போதுதான் ஹெட்ரா தன் பிரதியை விரித்து
மேசை நடுவே அறைந்தாள்.
நாற்பத்தோராம் பக்க ஓரத்தில், பென்சிலில்,
கொலைகாரியின் முழுப்பெயர்.
"இந்தக் கொலையைச் செய்தது யார்?"

அறைக்கே உயிர் வந்துவிட்டது.
எழுத்து இடப்பக்கம் சாய்கிறது என்றாள் லவ்டே,
இடதுகைக்காரன் ஜேகோதான் என்றார் காரென்.
ஜேகோ நான் வெங்காயம் நறுக்கத்தான் இடது, எழுத வலது என்றான்.
ரசீதுத் தாளைக் கிழித்து
எல்லாரும் அந்தப் பெயரை எழுதிக்காட்ட வேண்டும் என்று தீர்ப்பானது.
எழுதினோம்.
நானும் எழுதினேன், வலது கையால்.
பிறகு தேநீர் ஊற்றினேன்.

டென்சில் கிட்டோ உயிர்காப்புப் படகின் எஞ்சின் மெக்கானிக்.
பழைய நாவலைப் பதினோரு தடவை படித்தவர்.
ட்ரூரோ ஆஸ்பத்திரிக்கு இந்தப் பிரதியை
நான்தான் கொண்டுபோனேன்.
அடுத்த வாரம் போனேன், அடையாளச் சீட்டு நாற்பதில்.
அதற்கடுத்த வாரமும் நாற்பதில்.
தூங்கிக்கொண்டிருந்தார்.
என் வலது கை அவர் பிடியில் இருந்தது,
எஞ்சின் நட்டை விடாத அதே பிடி.
மிச்சமிருந்தது இடது கைதான்.

சவர ரேசர், செருப்பு, ஒரு ரேடியோவோடு
புத்தகமும் பையில் திரும்பி வந்தது.
கணக்கில் சேர்த்தேன். அலமாரியில் வைத்தேன்.
பின்னட்டையில், திருப்பவேண்டிய தேதிக்குக் கீழே,
யாரும் பார்க்காத இடத்தில்
அவர் எழுதியிருந்தார்:
"பன்னிரண்டாம் பக்கத்திலேயே தெரியும்.
நான் தூங்கவும் இல்லை."

"அடுத்துப் படிக்கிறவர் பாவம்," என்கிறாள் ஹெட்ரா,
"ரப்பர் இருக்கிறதா?"
மேல் டிராயரில் மூன்று இருக்கின்றன.
இல்லை என்றேன்.